பாய் படித்த மகஜர்

இட்லி விற்கிற இசக்கியம்மாளின் மகன் சுடலைமுத்து கஞ்சா கேஸில் ஜெயிலுக்குப் போனான். அங்கேயே செத்தும் போனான். அந்தச் சாவை விசாரிக்கச் சொல்லி அவள் கலெக்டரிடம் மனு கொடுத்தாள். மூன்றாம் நாளே இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றார்.

“வீட்டச் சோதனை போடணும். முதல்ல இந்த மகஜர்ல ரேகை வை.”

வீட்டில் என்ன கிடைத்தது என்று சோதனை முடிந்தபின் எழுத வேண்டிய தாள் அது. சாட்சிக்கு டீக்கடை காதர் பாயையும் தையல்காரர் செல்லத்துரையையும் இழுத்து வந்திருந்தார்கள்.

“உள்ள இன்னும் யாரும் கால் வைக்கலியே அய்யா, அதுக்குள்ள தாள் நிறைய எழுதியிருக்கே?” என்றாள் இசக்கியம்மாள்.

“அதெல்லாம் உனக்கெதுக்கு?”

“போன தடவ எம்புள்ளயப் பிடிச்சப்ப என்னன்னு கேக்காமலே ரேகை வச்சேன். இந்தத் தடவ பாய் சத்தமாப் படிக்கட்டும். பத்து விரலையும் வைக்கேன்.”

தெருவே கூடிவிட்டது. அந்தத் தாளைத் தானே படித்துப் பார்த்திராத இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவியபடி, “படிய்யா” என்றார்.

“சோதனையின்போது வீட்டிலிருந்த மகன் சுடலைமுத்து, அரிசிப் பானைக்குள்ளிருந்து இரண்டு கஞ்சாப் பொட்டலங்களைத் தானே எடுத்துக் கொடுத்தார்...”

ஸ்டேஷன் ரைட்டர் பழைய மகஜரைப் பார்த்து அப்படியே எழுதி, தேதியை மட்டும் மாற்றியிருந்தார்.

கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள் சாட்சிகள் இருவரும். தாளைப் பிடுங்கப் பாய்ந்தார் இன்ஸ்பெக்டர். இசக்கியம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

“அத எங்கிட்டயே குடுத்திருங்க அய்யா. எம்புள்ள இன்னைக்கு வீட்டுல இருந்தான்னு எனக்கு வேற யாரு எழுதித் தருவா?”