மாமனார் கை காட்டிய டிவி

மருமகள் வடிவாம்பாளுக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த பிளாஸ்மா டிவி, மாமனார் குஞ்சிதபாதத்தின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. தானே புதிதாக ஓர் எல்.இ.டி டிவி வாங்கி வைத்ததும், "உங்கப்பன் குடுத்த டப்பாவைக் காயலான் கடையில போடு!" என்று விருந்தாளிகள் முன்னாலேயே கத்தினார். அப்பாவை இழுத்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுல படம் மட்டமோ அதைப் போட்டுடலாம் மாமா. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

அவரை வெளியே அனுப்பிவிட்டு, இரண்டையும் இடம் மாற்றி, விளிம்பு தெரியாமல் துணியால் மறைத்து, இரண்டிலும் தன் கல்யாண வீடியோவைப் போட்டாள்.

உள்ளே வந்தவர் வீடியோவில் சாயமடித்த தன் தலையைத்தான் முதலில் தேடினார். "இதுல என் முடி கருகருன்னு இருக்கு பாரு, இதுதான் எல்.இ.டி! அதுல சாம்பல் பூத்துக் கிடக்கு. உங்கப்பன் டப்பா!"

வடிவாம்பாள் துணியை உருவினாள். சாம்பல் பூத்துக் கிடந்தது எல்.இ.டி.

"காயலான் கடைக்காரர் வாசல்லயே நிக்கிறார் மாமா. நீங்க மட்டம்னு சொன்னதையே தூக்கிக் குடுத்துடவா?"