மூலைப் புள்ளி

"நான் சொன்னதைத்தான் மேடம் இந்த புரோகிராம் செய்யுது. ஆனா தப்பாப் போகுது," என்றார் குலசேகரன்.

பேராசிரியை நூர்ஜஹான் திரையைப் பார்த்தார். ஒரு சிறுநீரகத்தின் ஸ்கேன் படம்.

படத்துக்குரிய நோயாளிப் பெண்ணுக்குப் பிறவியிலிருந்தே ஒரு சிறுநீரகம்தான். அதில் கட்டி. கட்டி எங்கே முடிகிறது என்று தெரிந்தால் அதை மட்டும் எடுப்பார்கள். தெரியாவிட்டால் சிறுநீரகமே போய்விடும். அறுவை சிகிச்சை நாளைக் காலை.

"என்ன சொன்னீங்க அதுகிட்ட?"

"படத்துல ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளோட நூலால கட்டின மாதிரி கணக்குப் போட்டேன். ஒரே மாதிரி இருந்தா தடி நூல். வேற மாதிரின்னா மெல்லிசு. எங்கே வெட்டினா குறைச்சலா நூல் போகுமோ, அங்கே ரெண்டாப் பிரின்னேன்."

"பிரிச்சுதா?"

"மூலையில கிடந்த ஒரே ஒரு புள்ளியைத் தனியா வெட்டிடுச்சு. கட்டிப் பக்கமே போகல."

ஆய்வகத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அங்கிள், அந்தப் புள்ளிதான் கட்டின்னு எழுதிக் கொடுத்துடுங்க!"

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள்.

ஐம்பதை நெருங்கும் வயதில், கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர் குலசேகரன். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அங்கிள். சாப்பிடப் போகும்போது யாரும் கூப்பிடுவதில்லை. பக்கத்து மேஜை டெபோரா மட்டும் பேசுவாள்.

நூர்ஜஹான் திரையை அணைத்தார்.

"இந்த அறையை ரெண்டாப் பிரிக்கணும் சார். குறைச்சலான நட்புதான் அறுபடணும். எங்கே வெட்டுவீங்க?"

குலசேகரன் திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரத்தில் ஒரு கூட்டம். பின்வரிசையில் ஒரு கூட்டம். இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டால் நாலைந்து நட்பாவது அறுந்துவிடும்.

மேலும் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னைத்தான் மேடம் வெட்டணும்."

பின்வரிசையில் சிரிப்பு நின்றது.

"எத்தனை அறுந்துச்சு?"

"ஒண்ணு. டெபோரா."

"அறைக்கு அது நஷ்டமா?"

"பெரிசா இல்ல."

"உங்களுக்கு?"

அவர் பக்கத்து மேஜையைப் பார்த்தார்.



குலசேகரன் திரையைப் போட்டார். நிரலில் ஒரு வரியை அழித்தார்.

"எவ்வளவு அறுந்துச்சுன்னு மட்டும்தான் கேட்டிருக்கேன் மேடம்," என்றார், தட்டச்சு செய்தபடியே. "யாருகிட்ட மொத்தம் எவ்வளவு இருந்துச்சு, அதுல எவ்வளவு போச்சுன்னு கேக்கவே இல்ல."

நிரல் ஓடியது. மூலைப் புள்ளி படத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

கட்டியைச் சுற்றி ஒரு கோடு மெல்ல வளைந்து வந்து மூடியது.