நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கிணறு

"அந்தக் கிணத்துல தண்ணி குறையவே இல்ல மேடம். நாமதான் குறைஞ்சுதுன்னு சொல்லிக் கொடுத்துட்டிருக்கோம்" என்றார் இருதயராஜ்.

வாசலில் நின்றுகொண்டே சொன்னார். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மனோரஞ்சிதம் கதவை அகலமாகத் திறந்தார். "முதல்ல உள்ள வா. காபி குடிக்கிறியா?"

"இந்தப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் குடிக்கிறேன்."

நிலத்தடி நீரைப் பற்றிக் கல்லூரிப் பிள்ளைகளுக்காக மனோரஞ்சிதம் எழுதிய பாடநூலின் பக்கம் அது. இருதயராஜ் அவரிடம் படித்தவர். பிறகு பணி ஓய்வு பெறும்வரை அதே நூலை நடத்தியவர். புதிய பதிப்பு வரப்போகிறது. பிழைகளைத் திருத்தும் பொறுப்பைப் பதிப்பகத்தார் இருதயராஜிடம் கொடுத்திருந்தார்கள். திருத்திய ஒவ்வொரு பக்கத்திலும் மனோரஞ்சிதம் கையெழுத்திட வேண்டும்.

பிழை பார்ப்பதில் இருதயராஜ் கெட்டிக்காரர். அதனாலேயே தனி ஆள். கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்று பெண்ணின் அப்பாவிடமே சொல்லிவிட்டு வருவார். மனைவி இருந்தவரை சிரித்துச் சமாளித்தாள். அவள் போன பிறகு வீட்டுக்கு யாரும் வருவதில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். அவன் பேச்சில் இவர் ஒரு தப்பைக் கண்டுபிடிப்பதற்குள் "சரிப்பா, வைக்கிறேன்" என்றுவிடுவான். மற்ற நாட்களில் இந்தப் பாடநூல்தான் அவருக்குப் பேச்சுத் துணை.

மற்ற பக்கங்களில் எல்லாம் மனோரஞ்சிதம் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார். விட்டுப்போன குறி, மாறிப்போன எண், களிமண் என்று வர வேண்டிய இடத்தில் மணல், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு கிணற்றின் வரைபடம் இருந்தது. மாதாமாதம் அளந்த நீர்மட்டத்தைக் காட்டும் கோடு. பல வருஷம் மழைக்கு ஏறியும் வெயிலுக்கு இறங்கியும் ஒரே சீராகப் போகிறது. ஒரு வருஷம் திடீரென்று இரண்டே முக்கால் அடி கீழே விழுகிறது. பிறகு பழைய இடத்துக்கு வரவே இல்லை. கீழே, 'மிதமிஞ்சி இறைத்ததன் விளைவு' என்று ஒரு வரி.

கிணறு மனோரஞ்சிதத்தின் வீட்டுக் கிணறு.

"வருஷா வருஷம் இதை நான் போர்டுல வரைஞ்சேன் மேடம். பரீட்சையில கேட்டேன். மோட்டார் போட்டு இறைச்சதால குறைஞ்சுதுன்னு எழுதினவனுக்கெல்லாம் முழு மார்க் போட்டேன். அவங்க இன்னிக்கு ஊர் ஊரா இன்ஜினியரா இருக்காங்க. இந்தத் தடவையும் தப்போடவே அச்சாச்சுன்னா, நான் வாழ்நாள் பூரா பொய் நடத்தினேன்னுதான் அர்த்தம்."

"ஆமா" என்றார் மனோரஞ்சிதம்.

இருதயராஜ் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். இந்த 'ஆமா'வை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"டேப் கொண்டாந்திருக்கியா?"

கொண்டுவந்திருந்தார்.

"வா."

வீட்டுக்குப் பின்னால் கிணறு. சுற்றுச்சுவர் நெஞ்சளவு இருந்தது. கீழே ஒன்றரை அடிக்குப் பழைய கருங்கல். அதற்கு மேலே இரண்டே முக்கால் அடிக்குச் செங்கல். உச்சியில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. அளக்கிறவர்கள் நாடாவை அந்தக் கோட்டில் வைத்துத்தான் படிப்பார்கள். கருங்கல் முடிகிற இடத்திலும் ஒரு சிவப்புக் கோடு, மங்கிப்போய்.

போன மாதம் வந்திருந்தபோது அந்தப் பழைய கோடு இருதயராஜின் கண்ணில் பட்டுவிட்டது. சுவரை உயர்த்தியிருக்கிறார்கள். அதன் பிறகு மேல்கோட்டிலிருந்து அளந்திருக்கிறார்கள். உயர்த்திய சுவரை அளவிலிருந்து கழிக்கவில்லை. தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. சுவர்தான் ஏறியது. கிணறு அளக்கிற ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படியொரு தப்புச் செய்யத் தெரியாது.

"அள" என்றார் மனோரஞ்சிதம்.

இருதயராஜ் இரும்பு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்தார். உள்ளே இறக்கினார். மெல்லச் சுருட்டி மேலே எடுத்தார். தண்ணீர் தொட்ட இடம்வரை சாக்பீஸ் கறுத்திருந்தது. இந்த வேலையை அவர் கற்றுக்கொண்டதே இந்தக் கிணற்றில்தான்.

"முப்பத்தொண்ணேகால் அடி."

"சுவரைக் கழி."

"இருபத்தெட்டரை."

"கோடு விழுறதுக்கு முந்தின வருஷம், இதே மாசம்?"

பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. மனப்பாடம். "கிட்டத்தட்ட இதேதான் மேடம்."

மனோரஞ்சிதம் தலையை ஆட்டினார். "பேனாவைக் குடு. இந்த அளவை வேற ஒருத்தர் வாயால கேக்கணும்னு இருந்துது."

பக்கத்தைச் செங்கல் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

இருதயராஜ் ஜெயித்துவிட்டார். இனி அந்த நூலில் பிழை இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாளையிலிருந்து என்ன செய்வது, யாரிடம் பேசுவது என்ற நினைப்புத்தான் வந்தது. காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

புறப்பட மனமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "சுவரை எதுக்கு மேடம் உயர்த்தினீங்க?"

"எங்க வீட்டுக்காரர் அந்தக் கல்லு மேலதான் உக்காருவாரு. சாயங்காலமானா ரேடியோவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு. ஒரு நாள் நான் காலேஜ் விட்டு வந்தேன். ரேடியோ மட்டும் பாடிட்டிருந்துது."

மனோரஞ்சிதத்தின் கணவரை இருதயராஜுக்குத் தெரியும். ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது இந்த வீட்டில் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறார். இறந்த செய்தி வந்தபோது இருதயராஜ் வடக்கே வேலையில் இருந்தார். தந்தி கொடுத்தார். எப்படி என்று கேட்கவில்லை. அந்த வருஷமும் கோடு விழுந்த வருஷமும் ஒன்று என்பது இப்போதுதான் உறைத்தது.

"நான் கேட்டிருக்கணும் மேடம்."

"யாரும் கேக்கல."

இருதயராஜ் மேல்கோட்டைப் பார்த்தார். பிறகு கீழ்க்கோட்டை.

"அந்த நேரத்துல கழிக்க மறந்திருப்பீங்க" என்றார். "யாரா இருந்தாலும் மறக்கத்தான் செய்யும். அதைப் பிழைன்னே சொல்ல முடியாது."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு தப்புக்குச் சமாதானம் சொன்னார்.

"மறக்கல" என்றார் மனோரஞ்சிதம்.

"பின்ன?"

மனோரஞ்சிதம் கிணற்றுக்குள் பார்த்தார்.

"அவரை எடுத்த பிறகு, ஊர் வழக்கப்படி மொத்தத் தண்ணியையும் இறைச்சுக் கொட்டினோம். அடித்தரை தெரிஞ்சுது. சுவரைக் கட்டினேன். அடுத்த மாசம் அளக்கிற நாள் வந்துச்சு, அளந்தேன். சுவரைக் கழிச்சும் பாத்தேன். அவர் இருந்தப்ப என்ன மட்டமோ, அதே மட்டத்துக்கு ஊறி நின்னுது. ஒரு விரக்கடைகூடக் குறையல. அதை அப்படியே எழுத எனக்கு மனசு வரல, இருதயராஜ்."