ஈரம் காயாத தடம்

வெள்ளச்சி என்று மலைக்கிராமத்தில் ஒருத்தி இருந்தாள். காட்டில் துடைப்பம் கட்டும் சீமாற்றுப் புல் அறுத்து விற்றால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். ஒரு பனிக்காலக் காலையில் வனத்துறையின் புது ரேஞ்சர் ஞானவேல், ஜீப்பையும் டிரைவரையும் சாலையில் விட்டுவிட்டு, தனியாகக் காட்டுக்குள் வந்து அவளைப் பிடித்துவிட்டார்.

"மனுசங்க நடமாடினா புலி தங்காது. இனி உங்க ஊர் ஆள் யாரும் காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. இந்த நிமிசமே வெளியே போ" என்று உத்தரவுத் தாளை நீட்டினார்.

சற்றுமுன் வரை கத்திய குருவிகள் அடங்கியிருந்தன. பனிக்குள் ஓர் இலைகூட அசையவில்லை. ரேஞ்சரின் பூட்ஸ் தடத்தின் மேல் அகலமான பாதத்தடம் ஒன்று பதிந்து, அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்ததை வெள்ளச்சி பார்த்தாள்.

"பாறை வழியா நான் இப்பவே போயிடறேன் ஐயா. நீங்க வந்த வழியில புலி நிக்குது. நாங்க இத்தனை வருசமா நடமாடியும் அது தங்கித்தான் இருக்குது, பாருங்க."

தடத்தைப் பார்த்த ரேஞ்சர் அவள் பக்கமாக நகர்ந்தார். "என்னையும் கூட்டிட்டுப் போம்மா."

"பூட்ஸ் காலோட பாறையில இறங்க முடியாதுங்க. சுத்து வழியில போனா மத்தியானமாகும். என்னை இந்த நிமிசமே போகச் சொல்லிட்டீங்களே."

அருகில் மூங்கில் முறிந்தது. ரேஞ்சர் அந்தத் தாளிலேயே உத்தரவை அடித்து, ஊரார் வழக்கம்போல் புல் அறுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெள்ளச்சி அதை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சாலையை அடைந்தபோது ஜீப் டிரைவர் அவர்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தார்.

"திரும்பாம ஏறுங்க, ரெண்டு பேரும்" என்றார் மெதுவாக.