பொம்மைக்குப் போர்த்திய சால்வை

கொன்றைநாட்டு ராஜா ரணபத்திரருக்கு ஒரு வியாதி. யாராவது நன்றாகப் பாடினால் சால்வை போர்த்துவார். சுமாராகப் பாடினாலும் சால்வை. பாடாமல் இருந்துவிட்டால், அந்தச் சந்தோஷத்தில் இன்னும் பெரிய சால்வை. அரசவைப் புலவர் அம்பலவாணர் வீட்டில் ஒரு பத்தாயம் நிறையப் பட்டுச் சால்வைதான். நெல் இருக்கவேண்டிய பத்தாயம்!

அதைத் திறந்தாலே புலவரின் மனைவி தையல்நாயகிக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதைத் தாளிச்சுச் சாப்பிடறதா, வடிச்சுச் சாப்பிடறதா?" என்பாள். புலவர் மோட்டுவளையைப் பார்ப்பார். எதுகை தேடுகிறாராம்.

அந்த வீட்டுக்குச் சோறு போட்டது கொல்லைத் தோட்டம். அதற்குத்தான் எத்தனை விருந்தாளிகள்! அவரையில் அசுவினிப் பூச்சி, கத்தரியில் புழு, வெண்டைக்கு முயல், பிஞ்சைக் கடித்துத் துப்ப அணில், மிச்சம் மீதிக்குக் குரங்கு. விடியலில் ஈர இலைமேல் சாம்பல் தூவி அசுவினியை விரட்டினாள். மற்றதெல்லாம் அசையவில்லை. புலவரின் பழைய வேட்டியைச் சுற்றி ஒரு வைக்கோல் பொம்மை நட்டாள். காக்கை அதன் தலையில் சாவகாசமாக உட்கார்ந்து ஊரைக் கூப்பிட்டது. "ஆளைப் போலத்தானே பொம்மையும் இருக்கும்" என்று அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள்.

பிறகு பத்தாயத்தைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய சால்வையை எடுத்தாள். வேப்பெண்ணெய், பூண்டு, மிளகாய், கோமியம் எல்லாம் கலந்த கரைசலில் ஊறவைத்தாள். புதுப் பொம்மைக்குத் தொப்பை தெரிய வைக்கோல் அடைத்தாள். அடிகரிந்த பானையைக் கவிழ்த்துத் தலையாக வைத்து, சுண்ணாம்பால் இரண்டு முட்டைக் கண், காதுவரை முறுக்கு மீசை. மேலே சால்வை.

அன்றோடு கூட்டம் கலைந்தது. கலைந்த கூட்டம் வேறு எங்கே போகும்? சுவர் ஏறிக் குதித்து, பக்கத்து வீட்டு மந்திரி சூரப்பராயரின் தோட்டத்தில் பந்தி போட்டது.

மந்திரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். வெகுநாளாகவே புலவர் வீட்டுக் கிணற்றின்மேல் அவருக்கு ஒரு கண். நேரே அரண்மனைக்கு ஓடினார்.

மறுநாள் சபையில் பொம்மை நடுவில் நின்றது. ஒரு பக்கம் புலவர் நடுங்கினார். மறு பக்கம் தையல்நாயகி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். உலையில் அரிசி போட்டுவிட்டு வந்த அவசரம் அவளுக்கு.

"ராஜநிந்தைக் குற்றம் ருசுவானால் புலவர் நாடு கடத்தப்படுவார். வீடும் தோட்டமும் மந்திரிக்கு" என்றார் ராஜா. "சொல்லும், மந்திரியாரே."

"என்னத்தைச் சொல்ல மகாராஜா! கண்ணிருப்பவர் யாரும் பார்க்கலாமே. அந்த மீசை, அந்த முழி, அந்தத் தொப்பை! சாட்சாத் தாங்களேதான்!"



"மந்திரி ஐயா," என்றாள் தையல்நாயகி, "பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலை. இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க. இது கரி பிடிச்ச பானை. உள்ளே காலி. கீழே பூரா வைக்கோல். பாத்ததும் உங்களுக்கு யார் ஞாபகம் வந்தது?"

மந்திரி வாயைத் திறந்தார். ராஜாவின் மீசை துடிப்பதைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"நான் குரங்கு பயப்பட ஒரு மூஞ்சி வரைஞ்சேன். அவ்வளவுதான். அது மகாராஜா மூஞ்சின்னு எனக்குத் தோணலை. புலவருக்குத் தோணலை. குரங்குக்குக்கூடத் தோணலை. உங்களுக்கு மட்டும் எப்படி ஐயா தோணிச்சு?"

"இல்லை... அப்படியொன்றும்... மூக்கு கொஞ்சம்கூட ஒத்துவரவில்லை" என்று குழறினார் மந்திரி. சட்டென்று நினைவு வந்து, "ஆனால் சால்வை! மகாராஜா திருக்கரத்தால் போர்த்திய சால்வை!" என்று துள்ளினார்.

ராஜா நிமிர்ந்தார். "அது என் சால்வைதான். ஏனம்மா, நான் செய்த மரியாதையை வைக்கோலுக்கா போர்த்துவது?"

"மகாராஜா, நீங்க யாருக்குச் சால்வை போர்த்துவீங்க?"

"நாட்டுக்கு உழைத்தவர்களுக்கு."

"இவர் நாலு வரி எழுதினார், போர்த்தினீங்க. இந்தப் பொம்மை வெயில்லேயும் மழையிலேயும் நின்னுது. சோறு கேக்கலை, தூங்கலை, உங்களைப் புகழ்ந்து ஒரு வரி பாடிக் கழுத்தறுக்கலை. ஒரு கத்தரிக்காய்கூடச் சொத்தை விழாம காப்பாத்திச்சு. உங்க சபையில இதைவிட உழைச்ச ஆள் யாருன்னு காட்டுங்க. இப்பவே கழட்டி அவருக்குப் போத்தறேன்."

ராஜா சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் தம் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

ராஜா இறங்கிவந்து சால்வையை மோந்து பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது. கிரீடம் கழன்று உருளும்படி ஒரு தும்மல் போட்டார்.

"என்ன நாற்றம் இது!"

"அதுதான் மகாராஜா மருந்து. நூல் துணின்னா ஒரு மழைக்குத் தாங்காது. உங்க பட்டு நல்லா பிடிச்சு வச்சுக்குது. இத்தனை வருஷத்துல அரண்மனைச் சால்வையால எங்க வீட்டுக்கு உபயோகம்னா இது ஒண்ணுதான்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் பழைய வியாதி தலைதூக்கியது. "பலே! யாரங்கே, இந்த அம்மாளுக்கு ஒரு சால்வை!"

புலவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தையல்நாயகியோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு மகாராஜா. புடலைப் பந்தல் பக்கம் இன்னொரு பொம்மை வேணும்."

"அதற்கு யார் முகத்தை வரையப் போகிறாய்?"

"எனக்குத் தோணினதை வரைவேன், மகாராஜா" என்று அவள் வாசலை நோக்கி நடந்தாள். "யார் முகம்னு மந்திரி ஐயா எட்டிப் பாத்துச் சொல்லுவார்."