உலகம்மையாரின் நான்கு சொற்கள்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: ஆசிரியர் செங்கோடர், அவரிடம் பதினோராண்டுகள் பாடம் கேட்ட வடிவாம்பாள், வித்துவான் ஏகாம்பரர், பாடசாலையின் சமையலைப் பார்த்துவந்த முத்தக்காள். வடிவாம்பாள் ஆசிரியரைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆகவே ஆசிரியர் அவரை அம்மா என்றே அழைப்பார்.

வெளியே மண்டபத்தில் ஊர் கூடியிருந்தது. அது உலகம்மையாரின் நினைவு நாள். நூறாண்டுகளுக்கு முன் அவர் செய்த நூலைத்தான் அந்தப் பாடசாலை ஓதிவந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் மாணாக்கர் ஒருவர் அதன் முதல் இயலை ஊரார் முன் படிக்க வேண்டும். படிக்க மறுப்பவர் பாடசாலையிலிருந்து விடைபெற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு முறை வடிவாம்பாளுடையது.

அவர் விடைபெற வந்திருந்தார்.

வடிவாம்பாளுக்குத் திக்குவாய். நூல் முழுவதும் அவருக்கு மனப்பாடம். தனிமையில் அதைப் படித்தே பல துன்பங்களைக் கடந்தவர். நூலின் தொடக்கத்தில் இப்படி இருக்கும்: “நடுங்குகிறாயா? நடுங்கிக்கொண்டே எழு. நிலம் உன்னைத் தாங்கும்.” இந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் அவர் முதுகு நிமிரும்.

“படிக்கும்போது துணிவு வருகிறது, ஐயா. பிறர் முன் வாய் திறந்தால் போய்விடுகிறது. என் நாக்கு அவருடைய சொற்களை உடைத்துவிடும். நான் என்ன செய்வது?”

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. ஆசிரியர் காத்திருந்தார். வித்துவான் காத்திருக்கவில்லை, கடைசிச் சொல்லை அவரே சொல்லி முடித்தார்.

பிறகு வித்துவான் தாமே படித்துவிடுவதாக முன்வந்தார். “இந்த அம்மையார் படித்து முடிப்பதற்குள் அடுத்த நினைவு நாளும் வந்துவிடும்” என்றார்.

ஆசிரியர் அதை மறுக்கவில்லை. வித்துவானின் ஆராய்ச்சியைப் பற்றி விசாரித்தார். உலகம்மையாரின் நூலில் எந்த வாக்கியமும் நான்கு சொற்களைத் தாண்டுவதில்லை. அது ஏன் என்று விளக்கி வித்துவான் நானூறு பக்கம் எழுதியிருந்தார். நான்கு சொற்களும் அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கையும் குறிக்கும். மூன்றே சொற்கள் வந்த இடங்களில் வீடு தொக்கி நிற்கிறது என்பது அவர் முடிபு.

ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, படிப்பதற்கு முன் உலகம்மையாரின் படத்தின் அடியில் வைக்க ஆற்று நீர் வேண்டும் என்றும், முத்தக்காளுக்கு முழங்கால் வலி என்றும், நீர் வந்தவுடன் தொடங்கிவிடலாம் என்றும் சொன்னார்.

தாமே படிக்கப்போகும் மகிழ்ச்சியில் வித்துவான் பெரிய குடத்தையே எடுத்துக்கொண்டு ஓடினார். ஆற்றுக்கு அறுபது படிகள். அதே வேகத்தில் ஏறி வந்து குடத்தை இறக்கினார்.

“நூலின் சிறப்பைச் சற்றுச் சொல்லுங்கள்” என்றார் ஆசிரியர்.

“பொறுங்கள், ஐயா. படிகள் மிக அதிகம். மூச்சு வாங்குகிறது. குடமும் பெரிய குடம். உட்கார்ந்து சொல்கிறேன்.”

முத்தக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “பத்து வருஷமா இவர் பேசுறதைக் கேட்கிறேன். இன்னைக்குத்தான் எனக்குப் புரியுது” என்றார்.

வடிவாம்பாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். வித்துவானின் வாக்கியங்களை விரல்விட்டு எண்ணினார். பின்னர் ஆசிரியரை நிமிர்ந்து பார்த்தார்.

“உலகம்மையாருக்குமா, ஐயா?”

“இரைப்பு நோய், அம்மா. பிறந்தது முதலே. சுவரில் சாய்ந்தபடி சொல்லுவார். என் ஆசிரியரின் ஆசிரியர் பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்வார். மூச்சு நின்ற இடத்தில் வாக்கியத்தை முடிப்பார்.”

வித்துவான் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

இத்தனை ஆண்டுகளாக இதை ஏன் சொல்லவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

“யாரும் என்னைக் கேட்கவில்லை. காரணத்தை நீங்களே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.”

வித்துவான் தம் நானூறு பக்கங்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். முதலில் அவர் முகம் சுருங்கியது. பிறகு மிச்சமிருந்த மூச்சையெல்லாம் கூட்டிச் சிரிக்கத் தொடங்கினார். அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

வடிவாம்பாள் நூலைக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் பக்கத்தைப் புதிதாகப் பார்ப்பவரைப்போலப் பார்த்தார்.

“அவருக்கு நல்ல மூச்சு இருந்திருந்தால், ஐயா?”

முதல் சொல்லில் நாக்கு மூன்று முறை நின்றது. அவர் அதற்காகத் தலைகுனியவில்லை. வித்துவானும் குறுக்கிடவில்லை.

“நீள நீளமாகச் சொல்லியிருப்பார், அம்மா. வெளியே இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள்.”

வடிவாம்பாள் நூலுடன் மண்டபத்தை நோக்கி நடந்தார்.