நடந்து போன எல்லைக்கல்

ஒரு ஊர்ல அங்கம்மான்னு ஒருத்தி இருந்தா. கிழக்குச் சீமைக்கு அதுதான் கடைசி ஊரு, அவ கெணத்துக்கு மேற்கால ரெண்டு வயலு தாண்டினா மேற்குச் சீமை. அந்த மண்ணுக்காக ரெண்டு பக்கத்து ராஜாக்களும் அடிச்சுக்கிட்டு, அவங்க அப்பனுங்க அடிச்சுக்கிட்டு, பாட்டனுங்களும் அடிச்சுக்கிட்டு, கடைசியில ஓய்ஞ்சு போயி உடன்படிக்கை பண்ணி நடுவுல ஒரு கல்லு நட்டாங்க. கல்லு நிக்கிற இடம்தான் எல்லை, இனிமே சண்டை கிடையாதுன்னு.

நம்ம சனம் சும்மா இருக்குமா? கல்லுக்கு மஞ்சளைப் பூசி, பொட்டு வச்சு, எல்லையம்மான்னு கும்பிட ஆரம்பிச்சிருச்சு. சண்டையை நிறுத்தினவளாச்சே.

மேற்குச் சீமையில வீரபாகுன்னு ஒரு எல்லைக் காவலன். அந்த வட்டாரத்துல அங்கம்மா கெணறு ஒண்ணுதான் நல்ல தண்ணி, அது மேல அவனுக்குக் கண்ணு. யாரும் பாக்காதப்ப கல்லைப் பேத்து ஒரு வயலு தள்ளி நட்டான். யாரும் கேக்கல. இன்னொரு வயலு தள்ளி நட்டான். அப்பவும் கேக்கல. அப்புறம் கெணத்தையே தாண்டி நட்டுட்டு, "இது எங்க சீமைக் கெணறு"ன்னுட்டான்.

"ஐயா, எம் புள்ளைங்க தவிச்சுக் கெடக்குதுங்கய்யா"ன்னு குடத்தோட அழுதா அங்கம்மா.

"நானா நகத்தினேன்? எல்லையம்மா தானா நடந்து வந்தா. அவளைப் போயிக் கேளு."

மேற்குச் சீமைக்காரி பவளம் இதைப் பாத்துக்கிட்டே நின்னா. அவன் தலை மறைஞ்சதும், "குடத்தை நீட்டுக்கா"ன்னு கெணத்துல எறைச்சு, கல்லுகிட்ட வந்து ஊத்தினா. அன்னைக்கிருந்து அங்கம்மா வீட்டுல உலை கொதிச்சது பவளத்தாலதான். சோறு போடுறப்பெல்லாம் "அவ நல்லா இருக்கணும்"னு வாயார வாழ்த்துவா.

விஷயம் ராஜாக்கள் காதுக்குப் போயி, மறுபடி படை கிளம்பப் பாத்துச்சு. நேர்ல பாத்துருவோம்னு அம்மன் பொங்கலுக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. வீரபாகு அங்கயும், "தானா நடந்தா மகாராசா"ன்னான். மேற்கு ராஜா பக்திமான், நம்பிட்டாரு பாவம்.

அங்க ஒரு வழக்கம் உண்டு. பொங்கலன்னைக்கு அம்மன் கல்லையே பேத்தெடுத்துச் சப்பரத்துல தூக்கிட்டுப் போயி, முதல் மரியாதைக்காரர் வாசல்ல எறக்கணும். வீரபாகுவுக்கு ஆசை விடுமா? "மரியாதை எனக்குத்தான்"னு அடம் புடிச்சுத் தன் வாசல்ல எறக்க வச்சான். அவன் வீடு மேற்குப் பாத்த வீடு. தேங்காய் ஒடைச்சாச்சு, மாலை போட்டாச்சு, அப்பத்தான் அங்கம்மா கூட்டத்தை வெலக்கிட்டு முன்னால வந்தா.

"மகாராசா, அம்மன் இங்க வந்துட்டா. அவளுக்குக் கிழக்கால இருக்குற இந்த வீடு இப்ப எங்க சீமைதானே?"

வீரபாகுவுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஆளுங்க தூக்கிட்டு வந்தாங்கடி. கல்லு எங்கயாச்சும் தானா நடக்குமா?"

சொன்ன பொறவுதான் என்ன சொன்னோம்னு அவனுக்கு ஒறைச்சுது. மேற்கு ராஜா மெதுவா கேட்டாரு, "அப்போ கெணத்தைத் தாண்டித் தூக்கிட்டுப் போனது யாரு வீரபாகு?"

அவன் தலையிலயே கல்லை ஏத்தி, பழைய எடத்துல நட வச்சாங்க. காவல் வேலையும் போச்சு, ரெண்டு ஊருக்கும் தண்ணி எறைக்கிற வேலைதான் மிச்சம்.

"புது உடன்படிக்கையில உனக்கு என்ன வேணும்மா?"ன்னு ராஜாக்கள் அங்கம்மாவைக் கேட்டாங்க.

"கெணறு எங்க சீமையில இருக்கட்டும் சாமி. தண்ணியில பாதி பவளம் ஊருக்குன்னு எழுதுங்க. எம் புள்ளைங்க உசுரோட இருக்குறது அவ ஊத்தின தண்ணியில."

அப்படியே எழுதினாங்க. அங்க குடம் நெறைஞ்சுது, இங்க கதை முடிஞ்சுது. உங்களுக்குத் தண்ணி ஊத்தினவங்களை நெனைச்சுக்கிட்டுத் தூங்குங்க கண்ணுங்களா.